எசப்பாட்டு பாடுகிற எழுத்தாளர்கள்

அக்கா மகன் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறான். லீவு விட்டால் நாவல் படிப்பான். பரீட்சை வந்தால் இன்னும் வேகமாக நாவல் படிப்பான். பிராண்டன் சாண்டர்சனின் ‘மிஸ்ட்பார்ன்’ மூன்று பாகத்தையும் முடித்த கையோடு எனக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். சாவதற்குள் படிக்க வேண்டிய நூறு அறிவியல் புனைகதை, ஃபேண்டஸி நாவல்கள் என்று யாரோ போட்ட பட்டியல். கீழே ஒரு வரி: “சித்தி, இதுல அடுத்து யாரு?”

பட்டியலில் இருந்தவை பெரும்பாலும் நல்ல புத்தகங்கள்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அசிமோவுக்குக் கீழே டோல்கீன், அவருக்குக் கீழே ஜெமிசின், அப்புறம் ‘டூன்’ என்று அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்தால் இவர்களுக்குள் பேச்சுவார்த்தையே இல்லாத மாதிரி இருக்கிறது. நிஜத்தில் இந்த வட்டாரத்து எழுத்தாளர்கள் பல தலைமுறையாக ஒருவரோடொருவர் வாயாடிக்கொண்டே இருக்கிறார்கள். ஒருவர் ஒரு கதை எழுதுவார். “அதெப்படி அப்படிச் சொல்லலாம்?” என்று இன்னொருவர் வேறொரு கதையில் பதில் சொல்வார். வயக்காட்டில் இந்தப் பக்கத்து வரப்பிலிருந்து ஒருத்தர் பாட்டை எடுத்துவிட்டால் அந்தப் பக்கத்திலிருந்து எசப்பாட்டு வருமே, அதுதான். நான் அடுத்த எழுத்தாளரைப் பிடிப்பது இந்த எசப்பாட்டை வைத்துத்தான். இப்போது படித்து முடித்தவர் யாருக்குப் பதில் சொன்னார், இவருக்கு யார் பதில் சொன்னார்கள் என்று பார்ப்பேன். அங்கேயிருந்து அடுத்த பெயர் தானாக வரும்.

என் வேலையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் படிப்பை நடத்துவது அதுதான். திருப்பூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறேன். பனியன் கம்பெனிக் கணக்குகள். மாதா மாதம் ஜிஎஸ்டி வரிக்கணக்கு தாக்கல் செய்ய வேண்டும்: 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் 3பி. அதுவரை அறுநூறு பக்க நாவலெல்லாம் கையில் எடுக்க முடியாது. எடுத்தால் யாராவது ஒரு பார்ட்டியின் இன்புட் கிரெடிட்டில் தப்பு வரும். அதனால் மாதத்தின் முதல் இருபது நாள் சிறுகதை, கடைசிப் பத்து நாள் நாவல். இது கட்டாயத்தில் வந்த பழக்கம். ஆனால் புது எழுத்தாளரைச் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. இந்தத் துறையில் சிறுகதை இன்னும் உயிரோடு இருக்கிறது. கிளார்க்ஸ்வேர்ல்ட், லைட்ஸ்பீட், ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ் என்ற கதைப் பத்திரிகைகள் எல்லாம் இணையத்தில் காசில்லாமலே படிக்கக் கிடைக்கின்றன. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கதை. பிடித்தால் அந்த ஆளின் நாவல் 21ஆம் தேதிக்கு.

பையனுக்கும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பட்டியலை ஓரமாக வை, முதலில் ஒரு சின்னக் கதை படி என்று உர்சுலா லெ க்வினின் ‘ஓமெலாஸை விட்டுப் போகிறவர்கள்’ கதையை அனுப்பினேன். 1973இல் வந்தது, அடுத்த ஆண்டு இந்தத் துறையின் பெரிய விருதான ஹியூகோ வாங்கியது. சில பக்கம்தான். கதை என்று பார்த்தால் ஒன்றுமில்லை. ஓமெலாஸ் என்று ஓர் ஊர். திருவிழா நடக்கிறது, குதிரைப் பந்தயம் தொடங்கப்போகிறது, எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். ஆனால் ஒரு கட்டடத்தின் அடியில், துடைப்பமும் வாளியும் கிடக்கிற இருட்டறையில், ஒரு குழந்தை அடைபட்டுக் கிடக்கிறது. அது அப்படியே கிடந்தால்தான் ஊர் நன்றாக இருக்கும். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். விவரம் தெரிகிற வயதில் ஒவ்வொருவரையும் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். பெரும்பாலானவர்கள் அழுதுவிட்டுப் பழகிக்கொள்கிறார்கள். சிலர் மட்டும் பேசாமல் ஊரை விட்டு நடந்து போய்விடுகிறார்கள். அவ்வளவுதான். (ஊர்ப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? கார்க் கண்ணாடியில் சேலம் என்ற பெயர்ப்பலகை தலைகீழாகத் தெரிந்திருக்கிறது. நம்ம சேலம் இல்லை, அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தில் இருக்கிற சேலம்.)

இந்தக் கதையே ஓர் எசப்பாட்டுதான். ஒரே ஓர் ஆத்மா தனியாக வதைபடுவதால் லட்சக்கணக்கானோர் சுகமாக இருக்கலாம் என்றால் ஒப்புக்கொள்வோமா என்று தத்துவ ஆசிரியர் வில்லியம் ஜேம்ஸ் கேட்டிருந்தார். லெ க்வின் அதை எடுத்துக் கதையாக்கினார். அதற்கப்புறம் வந்த பதில்களைத்தான் பையனுக்கு ஒவ்வொன்றாக அனுப்பினேன். என்.கே. ஜெமிசின் 2018இல் வந்த தன் தொகுப்பில் ‘இருந்து போராடுகிறவர்கள்’ என்று ஒரு கதை எழுதினார். தலைப்பே சண்டைக்கு வருகிறது பாருங்கள். விட்டுப் போவது ஒரு பதிலா, இருந்து கெட்டதைப் பிடுங்கி எறிய வேண்டாமா என்பது அவர் கேள்வி. அவர் கட்டும் ஊரில், ஒரு மனிதர் இன்னொரு மனிதரைவிடத் தாழ்ந்தவர் என்கிற எண்ணமே தொற்றுநோய் மாதிரி. அது பரவாமல் இருக்க ஊர் செய்கிற காரியம் கையை நடுங்க வைக்கும். 2024இல் இசபெல் ஜே. கிம் கிளார்க்ஸ்வேர்ல்டில் எழுதிய கதை இன்னும் ஒரு படி மேலே. அந்தக் குழந்தையைக் கொன்றுவிட்டால் என்ன என்று தலைப்பிலேயே கேட்கிறது. கொன்றுவிடுகிறார்கள். ஊர் என்ன செய்கிறது? இன்னொரு குழந்தையைக் கொண்டுவந்து அடைக்கிறது. அப்புறம் அதைப் பற்றி ஊர் முழுக்க விவாதம், கருத்து, எதிர்க்கருத்து. சமூக வலைத்தளத்தில் ஒரு கொடுமை நடந்த மறுநாள் எப்படி இருக்குமோ அதே தொனி. நெபுலா விருது கிடைத்தது.

மூன்றையும் படித்துவிட்டுப் பையன் ராத்திரி பதினொரு மணிக்கு ஃபோன் செய்தான். “சித்தி, மூணு பேருமே கரெக்டு மாதிரி இருக்கு, மூணு பேரும் தப்பு மாதிரியும் இருக்கு.” சரி, யாருடைய நாவல் படிக்கணும்னு தோணுது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அந்த முதல் அம்மா” என்றான்.

லெ க்வினிடம் இருந்து தொடங்கினால் ஒரு வசதி. பாதித் துறைக்கு அவர் வீட்டு வாசல் வழியாகப் போய்விடலாம். அப்பா ஆல்பிரட் க்ரோபர் பெரிய மானுடவியல் அறிஞர். அம்மா தியோடோரா க்ரோபர், தன் இனத்தில் மிஞ்சிய கடைசி மனிதரான இஷி என்ற கலிஃபோர்னியப் பழங்குடி மனிதரைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். அந்த வீட்டில் வளர்ந்த பெண் வேற்றுக்கிரகத்தைக் கற்பனை செய்தால் அங்கே ராக்கெட் முக்கியமாக இருக்காது. சொந்தபந்தம், சாப்பாடு, மானம் அவமானம், விருந்தாளியை எப்படி உட்கார வைப்பார்கள் என்பதெல்லாம்தான் இருக்கும். ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்’ 1969இல் வந்தது. ஆண், பெண் என்று நிலையான பால் இல்லாத மனிதர்கள் வாழும் பனிக்கிரகம். முதல் பாதி அரண்மனை அரசியல், மெதுவாகத்தான் போகும். பலர் அங்கேயே மூடி வைத்துவிடுகிறார்கள். இரண்டு பேர் பனிப்பாறை மேல் வண்டியை இழுத்துக்கொண்டு நடக்கத் தொடங்குகிற இடம் வரை பொறுத்துக்கொண்டால் போதும். அதற்கப்புறம் கீழே வைக்க முடியாது. அந்த மனிதர்கள் எல்லோரையும் ஆண்பால் சொல்லாலேயே எழுதிவிட்டார் என்று பெண்ணியவாதிகள் கேட்டார்கள். முதலில் அப்படி எழுதியதற்கு நியாயம் சொல்லிக் கட்டுரை எழுதினார். பல வருஷம் கழித்து, அதே கட்டுரையை மறுபடி அச்சிட்டு, ஓரத்தில் தன்னையே மறுத்துக் குறிப்பு எழுதினார். தனக்குத்தானே எசப்பாட்டு பாடும் எழுத்தாளர் எனக்குத் தெரிந்து குறைவு.

‘எர்த்ஸீ’யிலும் அதையே செய்தார். 1968இல் தொடங்கிய மந்திரவாதிக் கதை, 1972இல் மூன்று பாகத்தோடு முடிந்தது. ஆண்கள் மட்டும் மந்திரம் படிக்கிற பள்ளிக்கூடம், பெண்களின் மந்திரம் என்றால் இளப்பம். 18 வருஷம் கழித்து 1990இல் ‘தெஹானு’ எழுதினார். அதில் பெரிய மந்திரவாதியின் சக்தி எல்லாம் போய்விட்டது. ஒரு நடுவயது விதவை, தீயில் கருகிய ஒரு சிறுமி, ஆடு, அடுப்பு, பக்கத்து வீட்டு வம்பு. முந்தைய மூன்று பாகமும் எதைப் பார்க்காமல் போயின என்று அவரே எடுத்துக் காட்டுகிறார். சாண்டர்சன் படித்துவிட்டு வருகிற பையன்களுக்கு இதைத்தான் நீட்டுவேன். சாண்டர்சனிடம் மந்திரம் என்றால் கணக்கு: எந்த உலோகத்தை விழுங்கினால் என்ன சக்தி, எவ்வளவு நேரம், எப்போது தீரும் எல்லாம் சுத்தமாக எழுதி வைத்திருக்கும். லெட்ஜர் பார்க்கிற எனக்கு அது பிடிக்காமல் இருக்குமா? ஆனால் அவர் உலகத்தில் யார் சமைக்கிறார்கள் என்று எனக்கு ஞாபகமே இல்லை.

இன்னொன்று. எர்த்ஸீ கதாநாயகன் கெட் செம்புநிறத்தவன். அந்தத் தீவுகளில் பெரும்பாலோர் கறுப்பு, பழுப்பு நிறம். புத்தகத்தில் தெளிவாக எழுதியிருக்கிறார். ஆனாலும் அட்டைப்படங்களில் பல காலம் வெள்ளைக்காரப் பையனையே போட்டார்கள். 2004இல் வந்த தொலைக்காட்சித் தொடரிலும் அதுவே நடந்தது. கோபப்பட்டுக் கட்டுரை எழுதினார்.

லெ க்வினிலிருந்து பிலிப் கே. டிக் பக்கம் போகலாம். இரண்டு பேரும் பெர்க்லி உயர்நிலைப் பள்ளியில் ஒரே வருஷம், 1947இல், படித்து முடித்தவர்கள். பள்ளியில் அறிமுகம் இல்லை. பிற்பாடு கடிதம் எழுதிக்கொண்டார்கள், கடைசிவரை நேரில் பார்க்கவே இல்லை. லெ க்வின் 1971இல் எழுதிய ‘தி லேத் ஆஃப் ஹெவன்’ முழுக்க டிக்கின் பாணி. ஒருவன் கனவு கண்டால் மறுநாள் உலகம் அப்படியே மாறியிருக்கும். டிக்கிடம் எதில் தொடங்குவது என்று கேட்டால் பலர் ‘தி மேன் இன் தி ஹை காஸில்’ என்பார்கள். நான் ‘யூபிக்’ என்பேன். அதில் ஜோ சிப் என்று ஒரு கடன்காரன். அவன் வீட்டுக் கதவைத் திறக்கவே காசு போட வேண்டும். அவனிடம் சில்லறை இல்லை. கதவு, ஐந்து சென்ட் எடு என்கிறது. இவன் மறுக்கிறான். ஒப்பந்தத்தை எடுத்துப் படித்துப் பார் என்று கதவு சொல்கிறது. இவன் கத்தியை எடுத்துத் திருகாணியைக் கழற்ற ஆரம்பிக்கிறான். உன்மேல் வழக்குப் போடுவேன் என்று கதவு மிரட்டுகிறது! 1969இல் வந்தது. மாதச் சந்தா கட்டாவிட்டால் நின்றுபோகிற கணக்கு சாஃப்ட்வேரோடு மல்லுக்கட்டும் போதெல்லாம் எனக்கு அந்தக் கதவு ஞாபகம் வரும்.

டிக்கிலிருந்து ஸ்டானிஸ்லாவ் லெம். இது எசப்பாட்டு தாண்டிப் போய்விட்ட கதை. போலந்துக்காரரான லெம் அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர்களை ஒட்டுமொத்தமாகப் போலிகள் என்று திட்டினார்; அதில் டிக் ஒருவர்தான் தரிசனம் உள்ளவர் என்று கட்டுரையும் எழுதினார். டிக் என்ன செய்தார்? 1974இல் எஃப்பிஐக்குக் கடிதம் எழுதினார். லெம் என்று ஓர் ஆளே கிடையாது, எல்.இ.எம். என்பது கம்யூனிஸ்ட் கமிட்டி ஒன்றின் பெயர், ஒரே ஆள் இத்தனை பாணிகளில் எழுத முடியாது என்று. இதைவிடப் பெரிய பாராட்டை எந்த விமர்சகரும் லெம்முக்குத் தந்ததில்லை என்பது என் கருத்து.

அதோடு முடியவில்லை. அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கம் 1973இல் லெம்முக்குக் கௌரவ உறுப்பினர் பதவி கொடுத்து, 1976இல் அதைப் பறித்துக்கொண்டது. அதை எதிர்த்து லெ க்வின், அந்தச் சங்கத்தின் நெபுலா விருதுப் போட்டியிலிருந்து தன் கதையை விலக்கிக்கொண்டார். அந்த விருது கடைசியில் யாருக்குப் போனது? அசிமோவின் ‘பைசென்டெனியல் மேன்’ கதைக்கு. பட்டியலில் பக்கத்துப் பக்கத்து வரியில் அமைதியாக உட்கார்ந்திருக்கிறவர்கள் இவர்கள்.

லெம்மின் ‘சொலாரிஸ்’ வாங்குகிறவர்கள் மொழிபெயர்ப்பாளர் பெயரைப் பார்த்து வாங்குங்கள். 1970இல் வந்த ஆங்கிலப் புத்தகம் போலிஷிலிருந்து நேராக வந்ததில்லை. பிரெஞ்சு மொழிபெயர்ப்பிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. ஆங்கிலம் படிக்கத் தெரிந்த லெம்முக்கே அது பிடிக்கவில்லை. கதாநாயகியின் பெயர்கூட அதில் மாறிவிட்டது, ஹாரி என்பவள் ரேயா ஆகிவிட்டாள். போலிஷிலிருந்து நேரடியாகச் செய்த பில் ஜான்ஸ்டனின் மொழிபெயர்ப்பு 2011இல் ஒலிப்புத்தகமாக வந்து அப்புறம் மின்னூலானது. அதைத்தான் படிக்க வேண்டும். கடைகளில் அச்சுப்பிரதியாகக் கையில் சிக்குவது பெரும்பாலும் பழையதுதான்.

லெம்மும் லெ க்வினும் ஒன்றுசேர்ந்து பாராட்டியது ஸ்த்ருகாட்ஸ்கி சகோதரர்களின் ‘ரோட்ஸைட் பிக்னிக்’. இருவருமே அதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். என்னிடம் யாராவது ஒரே ஒரு புத்தகம் சொல்லு என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன், நீளமும் குறைவு. வேற்றுக்கிரகவாசிகள் பூமிக்கு வந்துவிட்டுப் போய்விட்டார்கள். யாரையும் சந்திக்கவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் இறங்கிய இடங்களில் விளங்காத பொருள்கள் கிடக்கின்றன. அது ஏன் என்று ஒரு விஞ்ஞானி ஒரு விளக்கம் சொல்கிறார். ரோட்டோரத்தில் காரை நிறுத்திச் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். எண்ணெய்க்கறை, காலி டப்பா, பேட்டரி, கடித்துப் போட்ட ஆப்பிள் எல்லாம் கிடக்கிறது. அதையெல்லாம் புல்லுக்குள்ளிருந்து வந்து பார்க்கிற எறும்பும் பூச்சியும் நாம்தான். நமக்காக வந்தார்கள் என்று நினைப்பது நம் ஆசை.

அந்த மண்டலத்துக்குள் திருட்டுத்தனமாக நுழைந்து பொருள் எடுத்து விற்கிறவர்களை ஸ்டாக்கர் என்பார்கள். ரெட்ரிக் அப்படி ஒருவன். முதல் அத்தியாயத்தில் அவன் உள்ளே போகும் விதத்தைப் பாருங்கள். பை நிறைய நட்டு, போல்ட்டு எடுத்துப் போகிறான். ஒவ்வொன்றாக முன்னால் வீசுகிறான். நேராகப் போய் விழுந்தால் வழி சரி. காற்றில் சட்டென்று வளைந்து தரையில் புதைந்தால் அங்கே ஈர்ப்புவிசை தாறுமாறாக இருக்கிறது, சுற்றிப் போக வேண்டும். கோடிக்கணக்கில் செலவழித்த ஆராய்ச்சி நிலையம் பக்கத்தில் இருக்கிறது. உயிரைக் காப்பாற்றுவது அரை ரூபாய் நட்டு. அவர்கள் தேடிப் போகிற பொருளுக்கு ‘காலி’ என்று பெயர்: இரண்டு செம்புத் தட்டு, நடுவில் ஒன்றுமே இல்லை, ஆனால் இரண்டையும் சேர்த்து அழுத்தவும் முடியாது, பிரிக்கவும் முடியாது. எதற்கு என்று யாருக்கும் தெரியாது.

1972இல் பத்திரிகையில் வந்த இந்தக் கதை சோவியத்தில் புத்தகமாக வர எட்டு வருஷம் ஆனது. அரசியல் காரணத்துக்காகத் தடுத்திருந்தால்கூடப் புரிந்திருக்கும். குடி, கெட்ட வார்த்தை, அடிதடி என்று நூற்றுக்கணக்கான இடங்களில் திருத்தம் கேட்டு அலைக்கழித்ததை போரிஸ் ஸ்த்ருகாட்ஸ்கி பின்னுரையில் எழுதியிருக்கிறார். ஓலேனா போர்மஷென்கோவின் 2012 ஆங்கில மொழிபெயர்ப்பில் அந்தப் பின்னுரையும் லெ க்வினின் முன்னுரையும் இருக்கின்றன. தார்க்கோவ்ஸ்கியின் ‘ஸ்டாக்கர்’ படம் பார்த்துவிட்டேன், கதை தெரியும் என்று சொல்கிறவர்களிடம் ஒன்று: படம் வேறு, இது வேறு. படத்தில் நட்டு மட்டும்தான் மிச்சம் என்று சொன்னால் கொஞ்சம் மிகை, ரொம்ப மிகை இல்லை.

போர்க்கதை பிடித்தவர்களுக்கு வேறொரு வரிசை. ஹைன்லைனின் ‘ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்’ 1959. அவர் கடற்படையில் இருந்தவர், ஆனால் போர்க்களம் பார்த்தவரில்லை. ஜோ ஹால்ட்மன் வியட்நாமுக்கு அனுப்பப்பட்டுக் காயம்பட்டுத் திரும்பியவர், ‘தி ஃபாரெவர் வார்’ 1974. இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். ஹால்ட்மன் கதையில் ஒளிவேகத்தை ஒட்டிப் பறந்து சண்டை போட்டுவிட்டு வருகிறவனுக்குக் கொஞ்ச காலம்தான் ஆகியிருக்கும், வீட்டில் இருபது வருஷத்துக்கு மேல் போயிருக்கும். அம்மாவின் முகம்கூட மாறியிருக்கும். சார்பியல் கோட்பாட்டை ஒரு சிப்பாயின் வீடு திரும்பலுக்கு இதைவிட நன்றாக யாரும் பயன்படுத்தவில்லை.

சிரிக்க வேண்டுமென்றால் டெர்ரி ப்ராட்செட். ‘டிஸ்க்வேர்ல்ட்’ 41 நாவல். பயப்பட வேண்டாம், வரிசையாகப் படிக்கத் தேவையில்லை. முதல் நாவலில் தொடங்கவே வேண்டாம். அது அந்தக்கால ஃபேண்டஸிகளைக் கிண்டலடிப்பது, அவற்றைப் படிக்காதவர்களுக்குப் பாதிச் சிரிப்பு வராது. ‘ஸ்மால் காட்ஸ்’ தனிக்கதை, 1992. ஓம் என்று ஒரு பெரிய கடவுள். நாடு முழுக்கக் கோயில், பூசாரி, விசாரணை, சித்திரவதை எல்லாம் அவர் பெயரால் நடக்கிறது. ஆனால் உண்மையாக நம்புகிறவன் ஒரே ஒரு தோட்டக்காரப் பையன்தான். அதனால் கடவுளின் சக்தியெல்லாம் வற்றி, ஒரு சின்ன ஆமையாக ஊர்ந்துகொண்டிருக்கிறார். திட்டிக்கொண்டே ஊர்கிறார். இதை நம் ஊரில் யார் படித்தாலும் யாராவது ஒருவர் முகம் ஞாபகத்துக்கு வரும், நான் பெயர் சொல்லப்போவதில்லை.

முடியாத தொடர்களைப் பற்றி ஒரு வார்த்தை. வாராவாரம் ‘தொடரும்’ பார்த்து வளர்ந்த எனக்குக் காத்திருப்பது ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஆனால் ஜார்ஜ் மார்ட்டினின் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரில் கடைசியாக ஒரு பாகம் வந்தது 2011இல், பேட்ரிக் ராத்ஃபஸ்ஸின் தொடரில் இரண்டாம் பாகமும் அதே 2011இல். அப்புறம் தொடரவே இல்லை. முடிந்த தொடரோ தனி நாவலோ இருக்கும்போது அதில் தலையைக் கொடுக்காதே என்று பையனிடம் சொல்லிவிட்டேன். கேட்கவா போகிறான்.

விருதுகளில் எதைப் பார்க்கலாம்? ஹியூகோவுக்கு ஓட்டுப் போடுவது வாசகர்கள், உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு உறுப்பினர் கட்டணம் கட்டியவர்கள். நெபுலாவுக்கு ஓட்டு எழுத்தாளர்கள். ஆர்தர் சி. கிளார்க் விருதுக்கு நடுவர் குழு. நான் ஜெயித்தவரைப் பார்ப்பதைவிட இறுதிப்பட்டியலைப் பார்ப்பேன். அதிலும் 2023 ஹியூகோவுக்கு அப்புறம் கொஞ்சம் சந்தேகத்தோடுதான். சீனாவின் செங்டுவில் மாநாடு நடந்த அந்த ஆண்டில் ஆர்.எஃப். குவாங்கின் ‘பேபல்’ போதுமான பரிந்துரை வாங்கியும் ‘தகுதியில்லை’ என்று காரணமே சொல்லாமல் நீக்கப்பட்டது. எழுத்தாளர்களின் அரசியல் பின்னணியை விருதுக் குழுவிலிருந்தவர்கள் தோண்டிப் பார்த்த மின்னஞ்சல்கள் மறு ஆண்டு வெளியே வந்தன.

நம் பக்கத்து ஆட்களைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம் உண்டு, இங்கே எசப்பாட்டு இன்னும் சூடாக இருக்கிறது. பேகம் ருகையாவின் ‘சுல்தானாவின் கனவு’ 1905இல் அச்சானது எங்கே தெரியுமா? நம்ம மெட்ராஸில், ‘இந்தியன் லேடீஸ் மேகஸின்’ என்ற பத்திரிகையில். வங்காளத்துப் பெண், ஆங்கிலத்தில் எழுதினார். ஆண்களை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் பெண்கள் நாட்டை நடத்துகிறார்கள். சூரிய வெப்பத்தில் சமையல், மேகத்திலிருந்து நேராகத் தண்ணீர், பறக்கும் வண்டி. கணவர் வெளியூர் போயிருந்தபோது எழுதியது, திரும்பி வந்து நின்றபடியே படித்துவிட்டு, “பயங்கரமான பழிவாங்கல்!” என்றாராம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, ஒரு டீ ஆறுவதற்குள் முடித்துவிடலாம்.

ரோஜர் ஜெலஸ்னியின் ‘லார்ட் ஆஃப் லைட்’ 1967. வேற்றுக்கிரகத்தில் குடியேறிய கப்பல்காரர்கள் தொழில்நுட்பத்தை வைத்துக்கொண்டு இந்துக் கடவுள்களாக உட்கார்ந்துவிடுகிறார்கள். மறுபிறவி அவர்கள் கையில், யாருக்கு என்ன உடம்பு என்பதை அவர்களே தீர்மானிக்கிறார்கள். ஒருவன் புத்தர் வேஷம் போட்டு எதிர்க்கிறான். யமனைப் பொறியாளராக எழுதிய விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மீதியில் சில இடங்கள் சுற்றுலாப் பயணி எழுதின மாதிரி இருக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினேன்.

ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இலங்கைக்குக் குடிவந்து சாகும் வரை கொழும்பில் இருந்தார். 2008 பிப்ரவரி 27இல் நம்ம சுஜாதா போனார், மூன்று வாரத்தில் மார்ச் 19இல் கிளார்க். அந்த மாதம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ‘என் இனிய இயந்திரா’வை மறுபடி எடுத்து ஜீனோ வருகிற பக்கங்களை மட்டும் படித்தேன். கிளார்க்கின் ‘தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்’ (1979) பூமியிலிருந்து விண்வெளிக்கு லிஃப்ட் கட்டுகிற கதை. அதற்கு நிலநடுக்கோட்டில் மலை வேண்டும் என்பதால் இலங்கையை அப்படியே நகர்த்தித் தெற்கே 800 கிலோமீட்டர் தள்ளி வைத்துவிட்டார். சிகிரியாவும் சிவனொளிபாதமும் கதையில் வேறு பெயரில் வருகின்றன, மலையில் பௌத்த மடம் ஒன்றும் உண்டு. லிஃப்ட் கட்ட வருகிற பொறியாளருக்கும் மடத்துக்கும் வழக்கு. எல்லாம் ரொம்ப நாகரிகமாக நடக்கிறது. அதே கொழும்பைச் சேர்ந்த வஜ்ர சந்திரசேகர எழுதியதை அப்புறம் எடுத்துப் படித்தால் அந்த நாகரிகம் எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தது என்று தெரியும்.

‘தி செயின்ட் ஆஃப் ப்ரைட் டோர்ஸ்’ 2023இல் வந்தது, நெபுலா வாங்கியது. ஃபெட்டர் என்ற பையன். பிறந்தவுடன் அம்மா அவன் நிழலைப் பிய்த்தெடுத்துவிடுகிறாள். அப்பாவைக் கொல்வதற்கென்றே வளர்க்கிறாள். அப்பா யார்? குடும்பத்தை விட்டுப் போய் ஞானியாகிவிட்ட மகான். புத்தர் விட்டுப்போன மகன் ராகுலனின் கதையை ராகுலன் பக்கத்திலிருந்து சொன்னால் எப்படி இருக்கும்? பையன் வளர்ந்து பெருநகரத்துக்குப் போய், தன்னைப் போலவே அவதாரமாக வளர்க்கப்பட்டுத் தேர்ச்சி பெறாதவர்களின் ஆதரவுக் கூட்டத்தில் உட்கார்ந்து டீ குடிக்கிறான். தேர்ந்தெடுக்கப்பட்ட நாயகன் என்று ஃபேண்டஸியில் பல்லாண்டு ஓடிய தேரை நிறுத்த இந்தக் கூட்டம் ஒன்றே போதும். அப்புறம் நகரத்தின் நிறம் மாறுகிறது: இனம் சாதி எழுதிய அடையாளத் தாள்கள், முகாம்கள், துறவிகளின் அரசியல், ராத்திரியில் வீடு தேடி வருகிற கும்பல். இலங்கை என்று ஒரு இடத்தில்கூட எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை. 1983க்கு அப்புறம் அங்கேயிருந்து வந்த யாரிடமாவது பேசியிருப்பவர்களுக்கு அந்தப் பக்கங்களைக் கடப்பது கஷ்டம்.

அவருடைய இரண்டாவது நாவல் ‘ரேக்ஸ்ஃபால்’. அதற்கு 2025இல் உர்சுலா லெ க்வின் பெயரிலான பரிசு கிடைத்தது. மின்னூல் மாதிரிப் பக்கங்களை மத்தியானச் சாப்பாட்டில் படித்துப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை, ஆனால் விடவும் மனசில்லை. 3பி முடிந்ததும் அதுதான். பையன் இப்போது ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்’ நாவலில் பனிப்பாறை வரை வந்துவிட்டானாம். “சித்தி, முதல் பாதியைப் பத்தி நீங்க சொன்னது ரொம்பக் கம்மி” என்று மெசேஜ் போட்டிருக்கிறான்.